கோயில் கறியும் வாழப்பாடிப் பிரசங்கமும்

அன்புள்ள மகனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அந்த வார்த்தையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்று தோன்றியது. மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கடிதம் முழுக்க அன்பாக இருக்கும் என்று நினைத்துப் படிக்காதே. எனக்கு உன்மேல் கோபம். கோபத்தைவிடப் பெரியதாக ஒன்று இருக்கிறது. நம்பிச் சொன்ன பேச்சைக் கொண்டுபோய் நடுத்தெருவில் கொட்டிவிட்டாயே என்கிற ஆற்றாமை. அது உன் அப்பா போன துக்கத்தைவிட அதிகமாக என்னை அரிக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன்னிடம் பேச முடிகிறதா? நான் கொஞ்சம் அழுத்திப் பேச ஆரம்பித்தால், "அம்மா, இதுக்காக நாம ஜெபிச்சுக்கலாங்களா?" என்று தொடங்கிவிடுகிறாய். நீ ஆமென் சொல்லி முடிக்கும்போது நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். ஆண்டவரோடு பேசிக்கொண்டிருப்பவனை எப்படி இடைமறிப்பது? அது உனக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கடிதமென்றால் கண்ணைத் திறந்து வைத்துத்தான் படித்தாக வேண்டும்.

உன்னைப் பாஸ்டராகப் பிரதிஷ்டை செய்யும் ஆராதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று போன வாரம் சொன்னாய். எப்படிச் சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்க்கும் டீச்சர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன். அடுத்த மூச்சில் நீ கேட்டாய்: "மேடையில நீங்க ஒரு சாட்சி சொல்லோணுங்கம்மா. அந்தக் கறி விசயத்தையும் உங்க வாயாலயே சொல்லீருங்க. வாழப்பாடியில அது ஜனங்கள ரொம்பத் தொட்டிருச்சுங்க." பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். முதலில் நடந்ததை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நீ மேடையில் சொன்னபடி இல்லை, நடந்தபடி.

நம் குடும்பத்தில் முதலில் ஆண்டவரை அறிந்தது உன் அப்பாதான். ரிக் வண்டியில் போர்வெல் கிணறு போட வடக்கே போனவர், காய்ச்சலில் விழுந்து ஏதோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சுவிசேஷம் கேட்டுவிட்டு வந்தார். நான் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழ் வாத்தியார் புத்தி, எதையும் மேலே கீழே படித்துப் பார்க்காமல் நம்பாது. படித்துப் பார்த்தேன், பிறகு நானும் ஞானஸ்நானம் எடுத்தேன். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சொல்வதை நிறுத்தினார்கள். எருமப்பட்டியில் இருக்கும் என் அண்ணன், உன் மாமன், அவர் மட்டும் நிறுத்தவில்லை. பஸ் மாறி மாறிப் பள்ளிபாளையம் வருவார். கையில் சின்ன வெங்காயமோ நிலக்கடலையோ இல்லாமல் வந்ததே கிடையாது. நாம் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்கும்போது அவரும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருப்பார். நீ வேதாகமக் கல்லூரிக்குக் கிளம்பியபோது உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈரோடு ஸ்டேஷனுக்கு வந்தது யார்? உன் சபைக்காரர்கள் யாரும் வரவில்லை. அந்த மனிதர்தான் வந்தார்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போன பிறகு, டயாலிசிஸுக்குப் போகும் நாட்களில் ஆட்டோவிலிருந்து ஆஸ்பத்திரிப் படிவரைக்கும் அவரைச் சுமந்தது மாமன் முதுகுதான். கடைசியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி வீட்டிலயே வெச்சுப் பாத்துக்குங்க. பத்தியமெல்லாம் போதும். வாய்க்கு என்ன கேக்கறாரோ குடுங்க" என்றார். இதை உனக்கும் அன்றைக்கே சொன்னேன். உனக்குப் பரீட்சை. "எழுதிப்போட்டு வரட்டும், பையனக் கெடுக்காத" என்று அப்பாதான் சொன்னார். அவர் பிழைக்கமாட்டார் என்பது அந்தக் கறி வருவதற்கு முன்பே நம் மூன்று பேருக்கும் தெரியும். இதை மட்டும் மேடையில் நீ விட்டுவிட்டாய். மறந்துபோய் விட்டாயா, தெரிந்தே விட்டாயா என்பது உனக்கும் ஆண்டவருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில் எருமப்பட்டியில் மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. மாமன் வீட்டில் கிடா வெட்டியிருந்தார்கள். அன்றைக்கு மத்தியானமே தூக்குப்போசி நிறையக் கறிக்குழம்போடு வந்து நம் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "அம்முணி, இது கோயில்ல வெட்டுன கெடாக்கறி. ஒளிச்சுக் குடுக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்ல. போன தடவ வந்தப்ப மாப்ளைக்குக் கறி திங்கோணுமின்னு ஆசையா இருந்துச்சு. உங்குளுக்கு ஆகாதுன்னாச் சொல்லு, திருப்பிக் கொண்டுட்டுப் போயிர்றேன்" என்றார். உள்ளே கட்டிலிலிருந்து உன் அப்பா குரல் கொடுத்தார்: "ஏனுங் மச்சான், வாசல்லயே நின்னுட்டு என்ன பேச்சு? உள்ள வாங்க."

நான் அவர் காதோரம் போய், "ஏனுங்க, கோயில்ல வெட்டுனதுங்களாமா" என்றேன். "காதுல உழுந்துச்சு" என்றார். "எங்க வெட்டுனா என்ன, ஆடு ஆண்டவரு படைச்சது. எனக்கோசரம் இந்த மனுசன் சோறு தூக்கிட்டு எருமப்பட்டியில இருந்து வந்திருக்காரு. திருப்பி அனுப்புனா, நாங் கும்புடற சாமிய இவரு என்னன்னு நெனப்பாரு?" பிறகு தன்னை நிமிர்த்தி உட்கார வைக்கும்படி என்னிடம் சொன்னார். தட்டைப் பார்த்து, "ஆண்டவரே, இந்தச் சோத்துக்கும் இதக் கொண்டாந்த என்ற மச்சானுக்கும் ஸ்தோத்திரம்" என்று சத்தமாக ஜெபித்தார். அத்தனை வருஷம் தலை மட்டும் குனிந்த உன் மாமன், அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டு ஆமென் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டுச் சிரித்தார். "அக்கா காரத்துக்குப் பயந்துபோட்டு வெச்சிருக்காப்பல இருக்குதுங்களே" என்று உன் அத்தை சமையலை அப்பா கிண்டல் செய்துகொண்டே சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். சில நாளில் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு இதை உன்னிடம் சொன்னேன். பாவ அறிக்கையாகச் சொல்லவில்லையடா. என்னிடம் இருந்த ஒரே ஆறுதலைப் பெற்ற பிள்ளையோடு பங்கு போட்டுக்கொண்டேன். உன் அப்பா கடைசியாக ருசித்துச் சாப்பிட்ட சாப்பாடு அது. உன் மாமன் முதன்முதலாக ஆமென் சொன்ன ஜெபம் அது. நான் சொல்லி முடித்ததும் நீ கண்ணை மூடிக்கொண்டாய். நன்றி சொல்கிறாய் என்று நினைத்தேன். பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாய் என்பது வாழப்பாடியில்தான் தெரிந்தது.

வாழப்பாடி உபவாசக் கூட்டத்தில் நீ முதன்முதலாகப் பெரிய மேடை ஏறுகிறாய் என்று ஆசையாக வந்தேன். முன்னாலேயே பாயில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த அம்மாவிடம் "எம் பையந்தான்" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டேன். நீ ஆகானின் கதையை எடுத்தாய். எரிகோவில் எடுக்கக் கூடாததை எடுத்துக் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தவனால் ஜனம் முழுவதும் தோற்றுப்போன கதை. நன்றாகத்தான் பேசினாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க ஊட்டுக் கூடாரத்துக்குள்ளயும் ஒண்ணு பொதைஞ்சிருந்துச்சு. எங்கப்பாவுக்காக நாங்க ஜெபிச்ச ஜெபமெல்லாம் ஏன் கேக்கப்படலன்னு எனக்கு அப்பறந்தான் வெளங்குச்சு" என்றாய். விக்கிரகத்துக்கு வெட்டிய கறி, அதை வாங்கி ஊட்டிய கை, அந்தக் கை என் அம்மாவுடையது என்று என்னை நோக்கிக் கையை நீட்டினாய். கூட்டம் ஓவென்று அழுதது. பக்கத்து அம்மா, அதுவரை என் முழங்காலில் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. உன் சபைப் பாஸ்டர் ஐயா மைக்கில் என்னை முன்னால் வரச் சொன்னார். போனேன். முழங்கால் போடச் சொன்னார். போட்டேன். சாபம் முறிய வேண்டுமென்று பெண்கள் என் தலைமேல் கை வைத்துக் கத்தினார்கள். எழுந்து, இது பொய், இந்தப் பையன் கதையைப் பாதியாக அறுத்துச் சொல்கிறான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உன் முதல் கூட்டம் கெட்டுப்போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பெற்ற பாசம் செய்த முட்டாள்தனம் அது. அதற்கு விலை கொடுத்தது நானில்லை, என் அண்ணன்.

அந்தப் பிரசங்கத்தை யாரோ போனில் மாமனுக்குக் காட்டியிருக்கிறார்கள். மறுவாரம் வந்தார். கையில் பையில்லாமல் அவர் நம் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. "அம்முணி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. நாங் கொண்டாந்த கறியிலதான் மாப்ளை போயிட்டாரா?" என்று கேட்டார். பைத்தியமா அண்ணா என்று நான் பதறினேன். "அப்பறம் நீ எதுக்கு மண்டி போட்டே?" என்றார். நான் தண்ணீர் மொண்டு நீட்டினேன். "நீங்கெல்லாம் படிச்சவிக. பையன் அதுக்குன்னே படிச்சவன். உங்க சாமிக்கு ஆகாதுன்னு தெரியாமப் பண்ணிப்போட்டேன். இனிமேல்ட்டு எதையும் கொண்டார மாட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு வரவே இல்லை. நான் போன் செய்தால் அண்ணி எடுத்து, "தோட்டத்துல இருக்காருங்" என்கிறாள். அப்பாவைச் சுமந்த மனிதர், அப்பாவைக் கொன்றது தான்தான் என்று நம்பிக்கொண்டு வெங்காயக் காட்டில் நிற்கிறார். நீயோ ஜனங்களைத் தொட்டிருச்சு என்கிறாய்.

அவர் போன பிறகு வேதத்தை எடுத்து உட்கார்ந்தேன். உன்னை மடக்குவதற்கு வசனம் தேடவில்லை. நான் செய்தது தப்பா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. இந்த ஊரில் கிறிஸ்தவளாக இருப்பது உனக்குக் கல்லூரிக்குள் இருப்பதைப் போல இல்லை. ஆயுத பூஜைக்குப் பக்கத்துத் தறிப்பட்டறையிலிருந்து பொரி வரும். சரஸ்வதி பூஜைக்குப் பிள்ளைகள் சுண்டலை நீட்டிக்கொண்டு, "டீச்சர், நீங்க திங்க மாட்டீங்களா?" என்று முகத்தைப் பார்க்கும். சில வருஷம் வாங்கியிருக்கிறேன், சில வருஷம் மறுத்திருக்கிறேன். இரண்டு விதத்திலும் மனசு உறுத்தியிருக்கிறது. அதனால் கொரிந்து பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதியது எனக்குப் புதிதில்லை. அந்த ஊரும் நம் ஊர் மாதிரிதான், கோயிலில் வெட்டிய இறைச்சி கடைத்தெருவில் விற்றது. விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார். விசுவாசியல்லாதவன் விருந்துக்குக் கூப்பிட்டால் போய், முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார். அதற்கு மேலும் படித்தேன். இது படைத்தது என்று ஒருவன் சொல்லிவிட்டால், சொன்னவனுடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். அந்த வரி எனக்கு எதிராக இருக்கிறது. மாமன் சொல்லித்தான் கொடுத்தார். அதை நான் மறைக்கவில்லை பார், உன்னைப் போல எனக்கு வசதியான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடவில்லை. சாப்பிடாமல் இருந்திருக்கலாம் என்று ஒருவர் என்னோடு உட்கார்ந்து பேசினால், நானும் பேசத் தயார். ஆனால் அந்த அதிகாரங்களை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டேன். சாப்பிட்டதற்காக உன் புருஷன் சாவான் என்று எங்கேயும் இல்லை.

உடனே நீ அடுத்த அதிகாரத்தைக் காட்டுவாய், தெரியும். தகுதியில்லாமல் புசித்ததால் பலர் பலவீனராகிச் செத்தும் போனார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. அது எந்தப் பந்தி? கர்த்தருடைய பந்தி, சபையில் எடுக்கிற இராப்போஜனம். என்ன குற்றம்? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்றுவிட்டு, இல்லாதவர்களைச் சபை நடுவில் வெட்கப்படுத்தினார்கள். மேலே நாலு வரி படித்தால் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கே இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், கேள்விக்கு விடை அந்த வரியில் மட்டும் இருக்காது, மேலேயும் படி என்று. சபை நடுவில் ஒருவரை வெட்கப்படுத்தினால் அவ்வளவு கடுமையான தீர்ப்பு என்றால், வாழப்பாடி மைதானத்தில் வெட்கப்பட்டது யார், வெட்கப்படுத்தியது யார் என்று நீயே பார்த்துக்கொள். ஆகான் புதைத்து வைத்தான். நான் எதையடா புதைத்தேன்? நானாக வந்து உன்னிடம் சொன்னேனே.

இன்னும் இரண்டு இடங்களை உனக்குக் காட்ட வேண்டும். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் குருடனாகப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டார்கள். கூடவே இருந்து படித்தவர்கள்தான், உன்னைப் போல. இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று இயேசு சொன்னார். கஷ்டத்தில் இருக்கிறவனைச் சுற்றி நின்று காரணம் கண்டுபிடிக்கிற வேலையை அவர் அன்றே தள்ளிவிட்டார். நீ அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாய். அடுத்தது நோவா. அவர் குடித்துவிட்டுக் கூடாரத்தில் துணியில்லாமல் கிடந்தார். தப்புத்தான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஒரு மகன் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொன்னான். மற்ற இரண்டு பேர் துணியை எடுத்துக்கொண்டு, தகப்பனைப் பார்க்காமல் பின்னோக்கியே நடந்துபோய் மூடினார்கள். சரி, நீ சொல்வது போலவே நான் பாவம் செய்தவளாகவே இருக்கட்டும். அப்போதும் உனக்குச் செய்வதற்கு அந்த இரண்டு பேர் செய்த வேலை இருந்தது. நீ மைக்கைப் பிடித்தாய்.

உனக்கு ஏன் அப்படிச் சொல்லத் தோன்றியது என்றும் யோசித்துப் பார்த்தேன். அப்பாவுக்காக நீ உபவாசமிருந்தாய். சாகமாட்டார் என்று சபையில் எழுந்து நின்று அறிக்கை செய்தாய். அவர் செத்துவிட்டார். ஜெபித்தும் ஏன் நடக்கவில்லை என்று கேட்டுவிட்டுப் பதிலில்லாமல் நிற்பது பெரிய வேதனை. எனக்கும் அது தெரியும், நானும் அங்கேதான் நிற்கிறேன். உன்னால் நிற்க முடியவில்லை. யார்மேலாவது போட்டுவிட்டால் ஆண்டவரும் தப்பித்தார், உன் விசுவாசமும் தப்பித்தது. அதற்கு அம்மா கிடைத்தாள். இது எனக்குப் புரிகிறது. புரிவதால் வலி குறையவில்லை. நீ என்னிடம் வந்து, அம்மா எனக்குத் தாங்கவில்லை என்று அழுதிருக்கலாம். நான் உன் எதிரியா?

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதவில்லை. கேட்டால் ஜெபத்தில்தான் கேட்பாய், எனக்கு அது வேண்டாம். பிரதிஷ்டைக்கு முன்னால் ஒருநாள் எருமப்பட்டிக்குப் போ. பாஸ்டர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு போகாதே, தனியாகப் போ. மாமா, நான் சொன்னது பொய், அப்பா போனதற்கும் உங்கள் கறிக்கும் சம்பந்தமில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். நான் சொல்லி அவர் நம்பவில்லை. அதற்கென்றே படித்தவன் சொன்னதைத்தான் நம்பிவிட்டார், அதனால் அவனே வந்து மாற்றிச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அவர் உன்னைச் சாப்பிடச் சொல்லமாட்டார். பயப்படுவார். எனவே நீயே உட்கார்ந்து சோறு போடச் சொல்லிக் கேள். பிறகு எந்த மேடையில் என்னைக் கைநீட்டிக் காட்டினாயோ, அதே மாதிரி ஒரு மேடையில் நின்று நடந்ததை முழுசாகச் சொல். உன் அப்பா செய்த ஜெபத்தையும் விடாமல் சொல். ஒரு மனிதர் எப்படி ஆமென் சொன்னார் என்பதைச் சொல், ஜனங்களை அது தொடுகிறதா இல்லையா என்று பார்ப்போம்.

இதைச் செய்தால் நான் வருவேன். மாமனையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவேன், உன் தலைமேல் கை வைத்து வாயார வாழ்த்துவேன். செய்யாவிட்டால் பிரதிஷ்டை நடக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நாற்காலி போடச் சொல்லாதே. உன் அம்மா எங்கே என்று எல்லாரும் கேட்பார்கள். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதே. எருமப்பட்டியில் அவள் அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள் என்று மைக்கிலேயே சொல்லிவிடு. வீட்டு விஷயத்தைச் சபையில் சொல்ல உனக்குத்தான் கூச்சம் கிடையாதே.

உன்னைப் பெற்றவள்